வெங்காய வேரும் வீட்டுக்காரரும்

ஆய்வகத்து அக்காவின் கணவர் ஒரே வாரத்தில் அரை அடி குறைந்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வழக்கம்போல் அலுவலகம் போனார். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, நாற்காலியை மட்டும் உயர்த்திக் கொடுத்தார்கள்.

காரணம் அக்காவுக்குத் தெரியும். கல்லூரியில் நுண்ணோக்கிக்கு ஸ்லைடு செய்து கொடுப்பது அவள் வேலை. அதற்கான வெங்காயங்களைக் குப்பித் தண்ணீரில் உட்காரவைத்து வேர்விடச் செய்வது கணவர். வேறு யார் வைத்தாலும் அழுகிவிடும், அவருக்கு அப்படியொரு கைராசி. வேர்நுனியை வெட்டிய கையோடு, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டால்தான் செல்கள் இருந்தது இருந்தபடி நிற்கும். அந்த மாதம் பார்த்து அசிட்டிக் அமிலம் தீர்ந்துபோக, வெறும் ஆல்கஹாலில் போட்டாள். செல்லுக்குள் இருந்ததெல்லாம் சுவரை விட்டுச் சுருங்கியது. வேருக்கு என்ன ஆனதோ, அதுவே வளர்த்தவருக்கும் ஆனது. அமிலம் வந்ததும் பதற்றத்தில் அதைக் கூடுதலாக ஊற்றிவிட்டாள். செல்கள் உப்பின, அவரும் உப்பிப்போய்க் குளியலறைக் கதவில் சிக்கிக்கொண்டார்.

“ஏம்மா, என்னை ஒரு அளவுல விடவே மாட்டியா?” என்றார், சிரித்துக்கொண்டேதான்.

பேராசிரியர் ஸ்லைடுகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “ஃபார்மலினையும் சேருங்கம்மா. சுருங்காது, உப்பாது, எத்தனை வருஷமானாலும் அப்படியே அசையாம இருக்கும்.” அசையாமல் என்றதும் அக்காவுக்குக் கணவர் நினைவு வந்தது. ஒரே ஒரு வேர்நுனியை மட்டும் ஃபார்மலின் கலவையில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். மேசையில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தவரின் இடதுகைச் சுண்டுவிரல் வளைந்தபடியே நின்றுபோயிருந்தது. பாட்டு நிற்கவில்லை. அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுதாள்.

மறுநாள் ஃபார்மலின் புட்டியைப் பேராசிரியர் மேசையில் வைத்தாள். “வேலை போனாலும் போகட்டும் சார். ஸ்லைடு மங்கினா மறுபடி செஞ்சுக்கலாம். எங்க வீட்டுக்காரரை நான் எங்க போய்த் தேடுவேன்?”

வெங்காயம் வேறு யாருக்கும் வேர்விடாததால் பேராசிரியர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆல்கஹால் மூன்று பங்கு, அமிலம் ஒரு பங்கு என்று அக்கா பதம் பிடித்தாள். கணவர் பழைய உயரத்துக்கு வந்தார், சட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

அந்த ஸ்லைடுகள் ஆண்டுக்கு ஆண்டு மங்குகின்றன. அவரும் காதோரம் நரைத்து, ஓரங்களில் லேசாக மங்கிவருகிறார். வாய் மட்டும் ஓயவில்லை. வளைந்து நின்ற சுண்டுவிரலில் அக்கா வீட்டுச் சாவியை மாட்டிவைக்கிறாள். அதன்பிறகு அந்த வீட்டில் சாவி தொலைந்ததே இல்லை.