முப்பத்திரண்டு முறை தரையிறங்கியவர்

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஒரு சொல் பொய்யானாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு.

சினிமாக்காரர்கள் அவரை ‘பைலட்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நடிக்க வருவதற்கு முன்னால் அவர் நிஜமாகவே போரில் விமானம் ஓட்டியவர். முப்பத்திரண்டு தடவை எதிரி வானத்துக்குள் நுழைந்து, முப்பத்திரண்டு தடவையும் திரும்பி வந்து இறங்கியவர். ஒரு தடவை இடது இறக்கை இல்லாமல் வந்தார். வழியெல்லாம் வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தே சமாளித்துவிட்டார். இன்னொரு தடவை ஓடுதளத்தில் குண்டு விழுந்து பள்ளமாகிவிட்டது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலின் மேல் இறங்கி, அடுத்த ஸ்டேஷனில் டிக்கெட் இல்லாததற்கு கார்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அந்த விமானத்தைப் பராமரித்த மெக்கானிக் அவருடைய அக்கா புருஷன். படையில் ‘ஸ்பானர்’ என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். ஒருநாள் விமானம் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகளோடு வந்து நின்றது. ஸ்பானர் பிஸ்கட் டின்களை வெட்டி அத்தனையையும் அடைத்தார். மறுநாள் எதிரி அந்தத் தகரத்தில் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் விமானம் அவனைத் தாண்டிப் போயிருந்தது.

போர் முடிந்ததும் ஸ்பானர் பஸ் டிப்போவில் ஃபோர்மேன் ஆனார். பைலட் மீசையை நம்பி சினிமாவுக்குப் போனார்.

அநியாயம் அங்கேதான் ஆரம்பித்தது. முதல் படத்தில் அவருக்குக் கதாநாயகனின் அண்ணன் வேஷம். உத்தியோகம், விமானி. அரைமணி நேரத்துக்குள் அண்ணன் செத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தம்பிக்கு அழுவதற்கு விஷயமில்லை. எதிரி சுட்டு வீழ்த்தினான் என்றால் எதிரிக்கு உடுப்பு தைக்க வேண்டும். புயலில் விழுந்தது என்றால் மழைக்குத் தண்ணீர் லாரி வேண்டும். ஆகவே வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது: ‘எஞ்சின் கோளாறு.’ அது சிக்கனமாக இருந்ததால் அடுத்த படத்திலும் அதே தந்தி. பதினேழு படங்கள், பதினேழு சாவு, பதினேழு எஞ்சின் கோளாறு.

முதல் படத்திலேயே ஸ்பானர் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். “எந்த எஞ்சின்யா? யாரு பாத்த எஞ்சின்?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார். பிறகு எஞ்சின் நம்பரைக் குறிப்பிட்டு ஸ்டூடியோவுக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். பதிலுக்குக் கதாநாயகியின் போட்டோ கையெழுத்தோடு வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி போட்டோ. அக்கா அந்தப் போட்டோக்களை வைத்து நடத்திய சண்டை தனிக் கதை.

டிப்போவில் டிரைவர்கள் முதலில் விளையாட்டாகத்தான் கேட்டார்கள்.

“அண்ணே, உங்க மச்சினன் நேத்து மறுபடியும் விழுந்துட்டாராமே? இந்த பஸ்ஸுக்காவது நட்டு முறுக்கினீங்களா?”

பத்தாவது படத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஸ்பானர் பார்த்த பஸ்ஸை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பதினேழாவது படம் வெளியான வாரம் மேனேஜர் அவரைப் பட்டறையிலிருந்து பஸ் கழுவும் இடத்துக்கு மாற்றினார். அன்றிலிருந்து ஸ்பானர் பைலட்டோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

விஷயம் பைலட்டுக்கு அக்கா மூலமாகத்தான் தெரிந்தது. அக்கா வீட்டுக்கு வந்தாள், உட்காரவில்லை.

“அந்த மனுஷன் கையில இப்ப ஸ்பானர் இல்லடா, ஹோஸ் பைப் இருக்கு. சந்தோஷமா?”

“நான் என்னக்கா பண்ண? சாகச் சொல்றாங்க, சாகறேன். அதுக்குத்தான் கூப்பிடறாங்க.”

“முப்பத்திரண்டு வாட்டி உன்ன உசுரோட கொண்டுவந்து சேத்தாரு. அவருக்காக ஒரே ஒரு வாட்டி எறங்கக்கூடாதா நீ?”

பைலட்டுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதினெட்டாவது படம் ஒப்பந்தமாகியிருந்தது. காலையில் முதல் வேலையாக டைரக்டரிடம் போய் நின்றார்.

“சார், இந்தப் படத்துல நான் எறங்கிடறேன்.”

“எறங்கினா கதை எங்க போகும்? ஹீரோ யாருக்காகப் பழி வாங்குவாரு?”

“சரி, சாகறேன். எஞ்சின் மேல பழி போடாதீங்க. அது நல்லா இருந்ததுன்னு ஒரு வரி...”

“நல்ல எஞ்சின் எதுக்கு சார் விழும்? ஜனங்க லாஜிக் கேப்பாங்க.”

லாஜிக்காம்! அந்த டைரக்டரின் முந்தைய படத்தில் கதாநாயகன் குதிரையில் ஏறி, பாட்டு முடிந்ததும் படகிலிருந்து இறங்கினான்.

படப்பிடிப்பு நாளன்று ஸ்பானரும் வந்தார். பைலட்டைப் பார்க்க அல்ல. ‘அவதூறுக்கு ஆளான வண்டியை என் கண்ணால பாக்கணும்’ என்று அக்காவிடம் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு டூல்ஸ் பையோடு கிளம்பி வந்திருந்தார். விமானம் பிளைவுட்டில் செய்து வெள்ளி பெயின்ட் அடித்தது. உலுக்குவதற்கு நாலு லைட்மேன்கள். ஸ்பானர் அதை மூன்று தடவை சுற்றி வந்து, முன்பக்க மூடியைத் திறந்தார். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லைட்மேனின் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது.

பைலட் இரண்டடி தள்ளித்தான் நின்றார். ஸ்பானர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“உன் தம்பிகிட்ட கேளு. எஞ்சினே இல்லாத வண்டியில எஞ்சின் கோளாறு எங்கேர்ந்து வந்துச்சு?”

“அக்கா, மாமாகிட்ட சொல்லு, நான் வேணும்னு...”

“ரெண்டு பேரும் என்னை தபால்பெட்டி ஆக்காதீங்க!” என்றாள் அக்கா.

“யாருய்யா அந்த ஆளு? வெளிய அனுப்பு!” என்று டைரக்டர் மைக்கில் கத்தினார்.

இரண்டு பேர் ஸ்பானரின் கைகளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பை கவிழ்ந்து நட்டும் போல்ட்டும் செட் முழுக்க உருண்டன. பைலட் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். போர்க்காலத்தில் தளபதியே வந்தாலும் ஸ்பானர் வேலையை முடிக்கும்வரை தள்ளித்தான் நிற்பார். அந்த மனுஷனைப் பொம்மை விமானத்திடமிருந்து பிடித்துத் தள்ளுகிறார்கள். பைலட் பொறுக்கியதையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறி உட்கார்ந்தார்.

ஒரே ஒரு டேக்தான், ஏனென்றால் இந்தத் தடவை விமானத்தை நிஜமாகவே கொளுத்தப் போகிறார்கள். அவர் ‘அம்மா!’ என்று அலற வேண்டும், அவ்வளவுதான். புகை கிளம்பியது. நாலு பேரும் உலுக்கினார்கள். பைலட் அலறவில்லை. ரேடியோவை எடுத்து, முப்பத்திரண்டு தடவை தளத்தோடு பேசிய அதே குரலில் பேசினார்.

“எஞ்சின் நல்லா ஓடுது. சத்தம் சுத்தமா இருக்கு. அதைப் பாத்துக்கிட்டவர் மேல ஒரு குத்தமும் இல்ல. தப்பு என்னோடது. நான் தூங்கிட்டேன்.”

சொல்லிவிட்டுக் குதித்தார். பிளைவுட் எரிந்து முடிந்தது. டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்து மிதித்தார். இன்னொரு விமானம் செய்ய வழியில்லை. காட்சி அப்படியே படத்தில் போனது.

அதற்கப்புறம் பைலட்டுக்கு விமானி வேஷம் வரவே இல்லை. இரவுக் காவல்காரன் வேஷம் வந்தது, அதுவும் திருடன் உள்ளே போகும்போது குறட்டை விடுகிற காவல்காரன். தெருவில் ‘தூங்குமூஞ்சி’ என்று கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு தடவை கண் இமைக்காமல் இறங்கியவரை!

அந்தப் பதினெட்டாவது படம் வெளியான அன்று பைலட் தியேட்டரில் கடைசிக் கதவோரம் நின்றிருந்தார். ரேடியோ வசனம் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு உருவம் எழுந்தது.

“பொய்! அப்பட்டமான பொய்! அவன் தூங்குறவனாடா? ரயில் மேல எறக்கினவன்டா அவன்!”

டிக்கெட் கிழிப்பவர்கள் ஸ்பானரை இழுத்துக்கொண்டு கதவுக்கு வந்தார்கள். அங்கே பைலட்டைப் பார்த்ததும் ஸ்பானர் கையை உதறிக்கொண்டு நேராக அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றார். அக்கா தேவைப்படவில்லை.

“ஏன் மாப்ளே, தூங்கிட்டேன்னு சொல்லச் சொல்லி உன்னை யாரு கேட்டா? எஞ்சின் கோளாறுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“அது பொய்யாச்சே மாமா.”

“இது மட்டும்?”

பைலட் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஸ்பானர் பிரித்து, நட்டுகளை வாசல் விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணு குறையுதே” என்றார். குரலில் இன்னும் கோபம் தணியவில்லை.

இரண்டு வாரத்தில் டிரைவர்களே மேனேஜரிடம் போய், எங்களுக்கு அவர் பார்த்த பஸ்தான் வேண்டும் என்றார்கள். ஸ்பானர் பட்டறைக்குத் திரும்பினார். பைலட்டை ‘தூங்குமூஞ்சி’ என்று சொன்ன ஒரு கண்டக்டரை அங்கிருந்து துரத்தினார். குறைந்த அந்த நட்டு யாரிடம் இருக்கிறது என்று மாமனும் மாப்பிள்ளையும் கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இருவரும் போரிட்ட அந்த நாடு தன்னுடைய முதல் விமானத்தை வாங்கியது, அந்தப் போர் முடிந்து ஏழு வருடம் கழித்து.