தங்கம்மாவுக்கு விட்ட இடம்

"அந்தப் பக்கமா இன்னும் கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க," என்று பேச்சியம்மா புருஷனை விரட்டினாள். வீரையா பாறையின் விளிம்புக்கே போயிருந்தார். இதற்குமேல் தள்ளினால் குளத்துக்குள்தான் உட்காரவேண்டும். அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் அளவுக்கு வெறும் பாறை கிடந்தது. அவளுடைய மற்றப் பக்கத்தில் இளையவள் சிவலட்சுமி, நெற்றியில் எண்ணெய் வழியத் தலைவாரி, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தாள்.

"மூணு பேரா படம் புடிச்சா நடுவுல உள்ளவங்களுக்கு ஆகாதும்பாங்கம்மா," என்றாள் அவள்.

"யாருடி மூணு பேரு? அக்காவச் சேத்து நாலு."

அக்கா தங்கம்மா கடலுக்கு அப்பால் இருந்தாள். எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து இந்தக் குளக்கரையில் குடிசை போட்டபோது அவளும் கூட வந்தவள்தான். ஒன்றரை வருடம் இதே பாறையில் துணி துவைத்தாள். பிறகு கலியாணமானது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியாவுக்குப் போகக் கடிதாசு வந்திருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவள்தான். அங்கே பிறந்த பேரனைப் பேச்சியம்மா கண்ணாலும் கண்டதில்லை. இப்போது பக்கத்துக் குடிசைச் சுடலைமுத்து, தங்கம்மா இருக்கிற ஊருக்கே போகிறான். அவன் கையில் ஒரு படம் கொடுத்துவிட வேண்டும். அதுவும் இந்தப் பாறையோடு. பாறையைப் பார்த்தால் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

எதிரே நின்ற நஜீம் முல்லைத்தீவில் ஸ்ரூடியோ வைத்திருப்பவன். கலியாண வீடு ஒன்றுக்குப் படமெடுக்க வந்து, திரும்பும் வழியில் பேச்சியம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டான். பிலிமில் மிச்சம் இரண்டே படம். மகள் இல்லாத குறையைக் கேட்டதும் அவன்தான் இந்த வழியைச் சொன்னான்.

"அவாவின்ர படம் ஒண்டு இருந்தா நானே வெட்டி ஒட்டித் தருவனம்மா."

இருந்த ஒரே படம் கடவுச்சீட்டில் ஒட்டி அவளோடேயே போய்விட்டது.

"அப்ப இடம் விட்டு இருங்கோ. அங்க அவா தன்ர படத்தை எடுத்து இதில ஒட்டுவிக்கட்டும். ஆனா பின்னேர வெயிலிலதான் எடுக்கவேணும். வலக்கன்னத்தில வெயில் விழவேணும். இல்லாட்டி நிழல் பிழைச்சுப் போகும். சொல்லிவிடுங்கோ."

வெயில் பழுத்து மஞ்சளாகிப் பாறை முழுவதும் படிந்திருந்தது. மேற்கே நின்ற மருதமரத்தின் நிழல் மெல்ல மெல்லப் பாறையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நஜீம் அதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவசரத்தில், எந்தக் கலியாண வீட்டிலும் சொல்கிற மாதிரி, வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டான்: "ம்... ஒட்டி இருங்கோ!"

வீரையா தோட்டத்தில் கங்காணி சொன்ன இடத்தில் நின்று பழகின மனிதர். சட்டென்று நகர்ந்து பெண்சாதியோடு ஒட்டிக்கொண்டார். 'கிளிக்' என்றது.

"ஐயோ பாவி மனுசா!" பேச்சியம்மா கத்தினாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் நாலு பேர் பார்க்க அவள் பக்கத்தில் நிற்காதவர், இன்றைக்குப் பார்த்தா ஒட்டவேண்டும்? அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அவர்தானே சொன்னாரு," என்று வீரையா முனகியபடி விளிம்புக்குத் திரும்பினார்.

"பிழை என்னிலதான்," என்றான் நஜீம். "இனி ஒண்டுதான் இருக்கு. சரியா இருங்கோ. இவ்வளவு இடம் காணுமோ?"

பேச்சியம்மா வெறும் பாறையைக் குனிந்து பார்த்தாள். காணுமா? போகும்போது தங்கம்மா ஒல்லிக்குச்சியாய் இருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு இப்போது எப்படியோ. பேரன் மடியில் இருப்பானா, இறங்கிப் பக்கத்தில் நிற்பானா? அவன் எவ்வளவு உயரம்? கையை விரித்து அளந்தாள், சுருக்கினாள், மறுபடி விரித்தாள். தான் பெற்றவளுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்று தனக்கே தெரியவில்லையே.

"நிழல் வருதம்மா."

"கொஞ்சம் இரு தம்பி," என்று சிவலட்சுமியையும் இடித்துக்கொண்டு ஒரு சாண் தள்ளினாள். 'கிளிக்' என்றது. மருத நிழல் வீரையாவின் காலைத் தொட்டிருந்தது.

படம் வந்தது. வெயில் விழுந்த வெறும் பாறைதான் அதில் எல்லாவற்றையும் விடத் துலக்கமாக இருந்தது. சுடலைமுத்து அதை வேட்டி மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோனான். வலக்கன்னம், வலக்கன்னம் என்று பஸ் புறப்படும்வரை பேச்சியம்மா அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் துவைக்கப் போவது வெயில் சாய்ந்த பிறகுதான். துணியைப் பிழிந்து வைத்துவிட்டுப் பாறையில் உட்காருவாள். இந்த நேரத்தில் அங்கேயும் வெயில் சாய்ந்திருக்கும். தங்கம்மா வாசலில் நின்று கன்னத்தைத் திருப்புவாளோ, பையன் ஆடாமல் நிற்பானோ. மருத நிழல் பாறையில் ஏறியது. அவள் பக்கத்தில் கிடந்த ஈரப் புடவைக் குவியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.