சேலைக் கரை கட்டிய காகிதங்கள்

'வெள்ளிக்கிழமை நான் பெங்களூர் போறேன். ஷெர்வின் டிக்கெட் போட்டுட்டான். இனி அங்கதான் இருக்கப் போறேன்.'

மாரெட்பள்ளியிலிருந்து பஸ் ஏறியதிலிருந்து ஜெயசுந்தரி இதையேதான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாதாப்பூர் நெரிசலில் பஸ் நின்றபோதெல்லாம் உதடுகூட அசைந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் படியேறும்போது, கணவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் அளவுக்குத் தயாராகியிருந்தாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. தனசிங் ஓய்வுபெற்ற இலக்கியப் பேராசிரியர். ரயில்வே காலனித் தமிழ்க் குடும்பங்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் வீடு வீடாகப் போய்க் கேட்டு, எழுதி, ஆராய்ந்து, கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். கட்டிலுக்கடியில் காகிதம், பீரோமேல் காகிதம். ஈஸ்டர் முடிந்ததும் பல்கலைக்கழகமே அத்தனையையும் பத்திரமாக வைத்துக்கொள்வதாகக் கேட்டு வாங்கிப் போயிற்று. வேன் கிளம்பிய கையோடு ஜெயசுந்தரி வீட்டைக் கழுவிவிட்டாள். இனிமேலாவது மனுஷர் எனக்கு மிஞ்சுவார் என்று நினைத்தாள்.

எங்கே மிஞ்சினார்? காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு காகிதங்களின் பின்னாலேயே கிளம்பிவிடுகிறார். கேட்டால், "சின்ன வேலை, சுந்தரி." அதற்குமேல் வாயில் வார்த்தை வராது.

"நான் என்ன சீலை கட்டியிருக்கேன்னு இந்த மனுஷர் ஒருநாளாவது பார்த்திருப்பாரா ஷெர்வின்?" என்று போனில் அவள் அழுதபோதுதான் மகன், "நீங்க இங்க வந்துருங்கம்மா" என்றான்.

நூலக வாசலில் இருந்த பெண் கைப்பையையும் பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டாள். "உள்ள பென்சில் மட்டும்தான் ஆன்ட்டி. நான் மைதிலி. தனசிங் சாரோட பேப்பர்ஸை நான்தான் பாத்துக்கறேன். நீங்க...?"

"அந்த சாரைக் கட்டிக்கிட்டவ."

மைதிலி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனாள்.

நீளமான மேஜை. வாசலுக்கு முதுகைக் காட்டித் தனசிங் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் வெள்ளை நாடாவில் கட்டிய காகிதக் கட்டுகள். இன்னொரு பக்கம் சின்னச் சின்ன உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துணிக் கீற்று. அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள்.

ஜெயசுந்தரி அப்படியே நின்றுவிட்டாள். அத்தனையும் அவளுடைய சேலைக் கரைகள். நைந்த சேலையை அவள் கரித்துணிக்குக் கிழிக்கும்போதெல்லாம் அவர் வந்து கரையை மட்டும் கேட்டு வாங்கிப் போவார், காகிதக் கட்டுகளைச் சுற்றிக் கட்ட.

"சாயம் பேப்பர்ல ஒட்டிக்கும்னு துணியை எடுத்துட்டு நாடா கட்டினோம் ஆன்ட்டி," மைதிலி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எது எந்தக் கட்டுலேர்ந்து வந்ததுன்னு நம்பர் போட்டு வச்சிருக்கோம். ஆனா சார் ஒரு தாள்லயும் தேதி போடலை. தேதி இல்லாம எப்படி அடுக்கறது? கேட்டா, 'துணியைக் கொண்டா, சொல்றேன்'ங்கறார். தினமும் இதான் நடக்குது."

தனசிங் பின்னால் திரும்பாமலே ஓர் உறையைத் தூக்கிப் பிடித்தார். "மைதிலி, எழுதிக்கோம்மா. இந்தக் கிளிப்பச்சை, ஷெர்வினுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப கட்டினது. லாலாகுடா வீட்டு கேட் கம்பியில மாட்டிக் கிழிஞ்சது, எங்க பொண்ணு ஸ்வீட்டி எல்கேஜி சேர்ந்த வருஷம். சுந்தரி ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா, பாவம். அப்ப இந்த ஒப்பாரிக் கட்டும் அதே வருஷம்தான்."

ஜெயசுந்தரி சத்தமில்லாமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

அவர் அடுத்த உறையை எடுத்தார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதான் பிடிபட மாட்டேங்குது. நாலஞ்சு நாளா யோசிக்கேன். எப்பக் கட்டினா இதை?"

"ஹவ் ஹவ், ஆமாமா, பெரிய ப்ரொபசர்தான்!" என்றாள் ஜெயசுந்தரி. "அது சீலையே இல்லை. மெட்டுகுடா வீட்டுல சமையக்கட்டு ஜன்னலுக்குப் போட்ட ஸ்கிரீன்."

தனசிங் திடுக்கிட்டுத் திரும்பினார். மனைவியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அதானே பார்த்தேன்! நீ இதைக் கட்டி நான் பார்த்ததே இல்லையேன்னு!"

மைதிலி சத்தமாகச் சிரித்துவிட்டு, இது நூலகம் என்ற நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கேக்க? 'என் சீலையையே மறந்துட்டீங்களா'ன்னு சண்டைக்கு வருவே." அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்ன சுந்தரி, திடீர்னு இவ்வளவு தூரம்?"

"வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தாள். இன்னும் பிரிக்காத உறைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

"வெள்ளிக்கிழமைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. ரெண்டு பேருக்கும் டிபன் கட்டணும்ல, அதைச் சொன்னேன். அந்த அரக்கை இங்க குடுங்க."

மாலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷெர்வினுக்குப் போன் போட்டாள். "டிக்கெட் நக்கோப்பா. கேன்சல் பண்ணிரு. எனக்கு இங்க லைப்ரரில வேலை இருக்கு." அவன் விவரம் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனசிங் அவள் முந்தானையின் கரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது போன கிறிஸ்துமஸுக்கு எடுத்தது."

"கண்ணு வைக்காதீங்க. இது கிழிய இன்னும் பத்து வருஷம் ஆகும்."

"ஆகட்டும்," என்றார் அவர், கையை எடுக்காமல். "எனக்கென்ன அவசரம்?"