சாட்டிக் கரையில் அஞ்சலாவின் தாலி

கடலுக்குப் போன புருசன் கரைக்கு வரும்வரை எங்கள் பெண்கள் தாலியைக் கழற்ற மாட்டார்கள். அஞ்சலா கழற்றினாள். அதுவும் யாரோ ஒருத்தியின் மோதிரத்துக்காக!

முகமாலையில் ஒன்பது வருடமாகக் கண்ணிவெடி அகற்றுகிறவள் அவள். உலோகம் தேடும் கருவியைத் தொடுமுன் உடம்பில் கிடக்கும் நகையெல்லாம் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து தள்ளி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கருவி ஆளைப் பார்த்தே கத்தும். நேற்றுப் பின்னேரம் சாட்டிக் கடலில் குளிக்க வந்த ஒருத்தி மோதிரத்தைத் தொலைத்துவிட்டு அழுதாள். கூட வேலை செய்யும் எமிலி வேலையிடத்து அனுமதிக் கடிதத்தோடு கருவியைக் கொண்டுவந்தாள். அஞ்சலாவின் கை, பழக்கத்தில் தாலியை முடிந்து மணலில் வைத்தது. மோதிரம் கிடைத்தது. கைலேஞ்சியை அலை கொண்டுபோயிற்று. புருசன் சில்வெஸ்ரர் கடலுக்குப் போய் அப்போது ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

விடிய விடியச் சோளகக் காற்று அடித்தது. மாமி அல்போன்சம்மாவின் கண்ணில் படாமல் சால்வையால் கழுத்தைப் போர்த்திக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் அஞ்சலா கரைக்கு ஓடினாள். எமிலி கருவியோடு நின்றாள்.

"கடல் நல்லா வெட்டியிருக்கு. இண்டைக்கு அம்பிடும்," என்றாள் எமிலி.

உண்மைதான். அமைதியான கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து எல்லாவற்றையும் மூடிவிடும். முரட்டு அலைதான் மேல்மணலை வாரிக்கொண்டு போய், பாரமானதை விட்டுவைக்கும். இரவு அலை கரையை முழங்கால் உயரத்துக்கு வெட்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் அடிச்சால் காணும் அக்கா," என்று வாய்தவறிச் சொன்னாள் அஞ்சலா. அந்த அலைக்குள் யார் நிற்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. மாதாவே, நான் சொன்னதைக் காதில் போடாதே என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

சோடா மூடிகள், துருப்பிடித்த ஆணி, யாரோ விட்ட சாவி. பிறகு ஓரிடத்தில் கருவி விடாமல் கத்தியது. அஞ்சலா முழந்தாளிட்டு, வெடி எடுக்கும் பழக்கத்தில் பக்கவாட்டில் மெல்ல மெல்லச் சுரண்டினாள்.

"இதென்ன வெடியே? கையால அள்ளும்!" என்றாள் எமிலி.

அள்ளப் போனவளின் காதில் சத்தம் விழுந்தது. "சில்வெஸ்ரரின்ர போட்! எஞ்சின் நிண்டிட்டுது!"

படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கிடந்தது. கரையில் நின்றவர்கள் கயிற்றோடு தண்ணீருக்குள் இறங்கினார்கள். இழுக்க ஆள் போதாது. சிப்பி ஒன்றைக் குத்தி அடையாளம் வைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. ஓடினாள். கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்து, உள்ளங்கை உரிய இழுத்தாள். எமிலியும் கருவியை மணலில் எறிந்துவிட்டு வந்தாள். சால்வை எப்போது போயிற்றென்று அஞ்சலாவுக்குத் தெரியாது.

படகு தரை தட்டியது. சில்வெஸ்ரர் இறங்கி, இருமி, அவளைப் பார்த்தான்.

"கழுத்தில ஒண்டையும் காணேல்லை?"

அஞ்சலா அழுதுகொண்டே மணலைக் காட்டினாள். வெட்டின கரை இடிந்து விழுந்து கிடந்தது. எந்த இடமென்று இனி அவளாலும் சொல்ல முடியாது.

அவன் அவளுடைய தலையில் கைவைத்தான். "சரி விடும். கடல் அடங்கட்டும், தேடுவம்."

அடங்கினால் மண் மூடிப்போடும் என்று சொல்ல எமிலி வாயெடுத்தாள். அஞ்சலா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள். தூரத்தில் இன்னும் மூன்று படகுகள் வந்துகொண்டிருந்தன.

"ஓம்," என்றாள். "அடங்கட்டும்."