பட்டாபிராமனின் பிங்

பட்டாபிராமன் வீட்டில் யாரும் நேராக இன்டர்நெட்டில் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் அவர் அதற்கு நாடி பார்க்க வேண்டும். கல்கத்தாத் துறைமுக அலுவலகத்தில் யாரோ புண்ணியவான் கற்றுக்கொடுத்த வித்தை. கறுப்புத் திரையில் 'பிங்' என்று தட்டுவார். எங்கோ இருக்கும் கணினி 'இருக்கிறேன்' என்று நான்கு முறை பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு நாற்காலி.

2003 ஆகஸ்டில், அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பதில் வரவில்லை.

மகள் சுப்ரியா கடிகாரத்தைப் பார்த்தாள். கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்ரீநாத் காலை பத்து மணிக்கு அரட்டைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஒரு தடவை பேசிவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரி சொல்வது என்று ஏற்பாடு. அங்கே இரவு, தூங்கப் போகும் நேரம். போட்டோவிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. முகம் தெரியாத வெறும் எழுத்து அரட்டைக்கு அம்மா வத்சலா பட்டுப்புடவை கட்டிவிட்டு, லேக் மார்க்கெட் மல்லிகைப்பூவும் வைத்துவிட்டிருந்தாள்.

"அப்பா, நான் ஒரு தடவை பாக்கறேனே."

"லைனே செத்துக் கிடக்கு. நீ உக்காந்து என்ன பண்ணப்போறே?"

மோடத்தை அணைத்துப் போட்டார். மறுபடி டயல், மறுபடி பிங். மனுஷர் நாற்காலியை விட்டு நகர்ந்தால்தானே! மணி பத்தரை ஆகிவிட்டது. சுப்ரியாவுக்கு அழுகை முட்டியது.

கோபம் தலைக்கேறி, இணைப்புக் கம்பெனிக்கு மெயில் அடித்தார்: 'இன்டர்நெட் அடியோடு இல்லை.' கோஷ் என்பவரிடமிருந்து உடனே பதில் வந்தது. கம்ப்யூட்டர் புழு ஒன்று பிங் அனுப்பித்தான் அடுத்த கணினியைத் தேடிப் பரவுகிறதாம். அதனால் பிங்கை மட்டும் நிறுத்தியிருக்கிறார்களாம்.

"பாத்தியா வத்சலா, நிறுத்திட்டோம்னு அவனே ஒத்துண்டுட்டான்!"

"அப்பா, இந்த மெயில் எது வழியா வந்தது?"

பட்டாபிராமன் திரையைப் பார்த்தார். மோடத்தைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

சுப்ரியா பாய்ந்து உட்கார்ந்தாள். ஸ்ரீநாத் இன்னும் இருந்தான்.

'உங்க ஊர் இன்டர்நெட் கம்பெனியை அரைமணியா பிங் பண்றேன். பதிலே இல்லை. தூங்கப் போயிடலாம்னு பாத்தேன், மனசு கேக்கலை.'

"பையன் தங்கம்டி! விட்டுடாதே!" என்றார் பட்டாபிராமன், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.

சுப்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்தப் பிங் பைத்தியத்திடமிருந்து தப்பித்து, இதே மாதிரி இன்னொன்றிடமா?

'ஒரு கண்டிஷன்,' என்று தட்டினாள். 'நான் இருக்கேனான்னு இனிமே என்னைத்தான் கேக்கணும்.'

பதில் வந்தது: 'இருக்கேளா?'

'இருக்கேன்' என்று நான்கு முறை தட்டினாள்.