வெளியே உட்கார்ந்திருந்தவர்

சம்பளம் போட பேங்க் கணக்கு வேண்டும் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. இந்த நாட்டுக்கு வந்து அவள் சம்பாதிக்கப்போகும் முதல் காசு. பார்சல் வேன் ஓட்டும் கணவர், அரை நாள் சம்பளம் போனால் போகிறது என்று லீவு போட்டு அவளைக் கூட்டிவந்தார். அவளுக்குத்தான் இந்த ஊர் பாஷை இன்னும் பிடிபடவில்லையே.

"ஜாயின்ட்டாவே எடுத்துருவோம். மாசக் கட்டணம் கிடையாது, வீட்டுச் செலவும் ஒரே கார்டுல போயிரும்" என்று பஸ்ஸிலேயே சொன்னார். அவளும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். மனசுக்குள் இருந்ததோ தனிக் கணக்கு. படிக்கிற தங்கைக்கு மாதாமாதம் கொஞ்சம் அனுப்ப வேண்டும். கேட்டால் இவர் இல்லையென்று சொல்பவர் இல்லை, தங்கமான மனுஷர். ஆனால் கேட்க வேண்டுமே. சோப்பிலிருந்து செருப்புவரை கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. அதை அவரிடமே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பேங்க் அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. சிரித்த முகமாக இருவரையும் வரவேற்றார். வீட்டு ஆள் மொழிபெயர்ப்பது விதிப்படி கூடாது என்று சொல்லி, கணவரை வெளியே உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்க, போன் ஸ்பீக்கரில் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் வந்தது.

"கணக்கு உங்க பேருல மட்டுமா, ரெண்டு பேர் பேருலயுமா?"

விட்டால் இனி வாய்க்காது என்று அவள் அவசரப்பட்டாள். "என் பேருல மட்டுங்க. ஆனா நான் கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். ஜாயின்ட் தர முடியாதுன்னு நீங்களே சொல்லிருங்க."

குரல் கொஞ்சம் தயங்கியது. அதிகாரியிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தது. "அவங்க கேக்கச் சொல்றாங்கம்மா. வீட்டுல உங்களுக்கு ஏதாவது பயமா? காசைப் புடுங்கிக்கறாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், பிறகு எதற்கு இந்த ஒளிவுமறைவு என்று கேட்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவி, குனிந்தே இருந்தாள். அதைப் புரிந்துகொள்ள அதிகாரிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு சீட்டில், வீட்டில் கொடுமைப்படும் பெண்களுக்கான உதவி எண்ணை எழுதி அவள் கையில் திணித்தார்.

கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். ஜாயின்ட் முடியாது என்று அதிகாரி வெடுக்கென்று சொன்னார். "பரவால்ல, உனக்கு ஒண்ணு கிடைச்சிருச்சே, அது போதும்" என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். நன்றி சொல்லி அதிகாரியிடம் கை நீட்டினார். அந்தம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பஸ் ஸ்டாப்பில் அவர் பேங்க் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஏதாவது மரியாதை இல்லாம பேசிட்டேனா?"

"இல்லைங்க."

"அந்தம்மா மூஞ்சியே மாறிப்போச்சு. ஏதோ என் மேலதான் தப்பு இருக்கும். இரு, ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துர்றேன். நாளைக்கு நீ தனியா வந்து போற இடமாச்சே."

விறுவிறுவென்று பேங்கை நோக்கி நடந்தார்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். அவர் நின்று திரும்பினார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டாள்.

"பஸ் வந்துருச்சுங்க" என்றாள்.

அவர் ஓடி வந்து, அவளை முதலில் ஏறச் சொன்னார்.