வாளியில் தட்டினால் வராதே

எனக்கு மூன்று பயங்கள். அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று ஆகாது, என்னைப் படுத்துவதில் மட்டும் ஒற்றுமை. மூடிய அறை என்றால் மூச்சு முட்டும். நாலு பேர் என் குரலைக் கேட்டால் உயிர் போகும். அம்மா கண்ணில் படாவிட்டால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே தோன்றும். இதெல்லாம் சேர்ந்தேதான் வரும், போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

முதல் பயத்துக்காக, தச்சு வேலை செய்கிற அப்பா வீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாளை எல்லாம் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளிக்கிறவர் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் யாரும் கதவைத் தள்ளக்கூடாது. அப்பா பாடினால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். இரண்டாவது பயம் என்னைப் பாட விடுமா? அதனால் தண்ணீர் மொள்ளும் மக்கால் வாளியில் தட்டுவேன். தட்டினால் வராதே என்று அர்த்தம். அந்தச் சட்டம் நான் போட்டது.

இன்று கடைசி மணி அடித்த பிறகு, பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. வழக்கமாகத் தாழ் போடாமல் காலால் கதவை அழுத்திக்கொள்வேன். கண்ணாடி முன்னால் என் வகுப்புப் பெண்கள் நின்றதால் இன்று போட்டேன். இழுத்தேன், ஆட்டினேன், நகம்தான் பிய்ந்தது. சுவர்கள் கிட்டே வந்தன. கத்தினால் வெளியே வந்துவிடலாம். கத்தினால் நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க என் பேச்சுதான். என்னைக் கூட்டிப்போகப் பள்ளி கேட்டில் அம்மா நிற்பாள். நிற்பாளா? கை தானாக மக்கை எடுத்து வாளியில் தட்டியது.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில், என்னைத் தேடி வந்த அம்மாவின் செருப்பு தெரிந்தது, வார் தைத்த செருப்பு. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். செருப்பு பின்வாங்கியது. மறுபடி தட்டினேன். அது திரும்பி நடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அம்மா" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை கிழிய இன்னொரு முறை கத்தினேன். "அம்மா, கதவு!"

கண்ணாடிப் பக்கம் பேச்சு நின்றது. செருப்பு ஓடி வந்தது.

"தாழ் மாட்டிக்கிச்சா? கூப்பிடக் கூடாதாடி?"

"தட்டினேனே."

"தட்டினா வராதேன்னு நீதானே சொல்லி வெச்சிருக்க. உனக்குக் கூச்சமா இருக்குமேன்னு இந்தப் பொண்ணுங்களையும் கூட்டிட்டு வெளிய போகப் பார்த்தேன்."

"திறம்மா."

"வெளியிலேருந்து எப்படித் திறக்கறது? அப்பாவை வரச் சொல்றேன். அதுவரைக்கும் நீ பேசிட்டே இரு."

பெண்கள் யாரும் போகவில்லை. அத்தனை பேரும் கேட்க, "என்ன பேசறது?" என்றேன்.